படகு எஞ்சினுக்குத் தட்டை டேப்பெட்டா, ரோலர் கேமா? மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் பிறந்தால் டெட்ராய்ட் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கு வேலை தொடங்கிவிடும். ஆறு மாதமாகப் படகை இறுக்கியிருந்த வெள்ளை ப்ளாஸ்டிக் உறையைக் கிழித்து, பேட்டரியை மாட்டி, எஞ்சினைத் திருப்பினால்தான் குளிர்காலம் உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறது என்று தெரியும். இந்த வருடம் ஒரே வாரத்தில் இரண்டு நண்பர்கள் கூப்பிட்டார்கள். இருவருடையதும் ஸ்டெர்ன்டிரைவ் படகு (எஞ்சின் உள்ளே, ப்ராப்பெல்லரைச் சுற்றும் டிரைவ் பின்புறம் வெளியே), ஜெனரல் மோட்டார்ஸின் 5.7 லிட்டர் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சின். ஒன்று 1984, மற்றொன்று 1991. இரண்டிலும் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் ஒரு லோப், அதாவது ஒரு மேடு, தேய்ந்துபோய், எஞ்சின் கார்ப்புரேட்டர் வழியாகத் தும்முகிறது. இருவரும் கேட்டதும் ஒரே கேள்வி: "எப்படியும் பிரிக்கத்தான் போறோம், இந்தத் தடவை ரோலர் கேம் போட்டுடலாமா?"

இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. பாகங்களின் கேட்டலாக்கை மூடி வைத்துவிட்டு முதலில் கார்ப்புரேட்டருக்கு அடியில் இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு டேப்பெட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம். கேமின் லோப் மேலே வரும்போது டேப்பெட்டைத் தள்ளும், டேப்பெட் புஷ்ராடைத் தள்ளும், வால்வ் திறக்கும். தட்டை டேப்பெட் என்று பெயர்தான் தட்டை. அதன் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும், லோபும் ஒரு பக்கம் இம்மியளவு சரிந்திருக்கும். இந்தச் சரிவால்தான் டேப்பெட் மேலும் கீழும் போகும்போதே தன் அச்சில் சுழல்கிறது. சுழன்றால் பிழைத்துக்கொள்ளும். சுழல்வது நின்றால் ஒரே இடம் தேய்ந்து, சில நிமிடங்களிலேயே லோபும் டேப்பெட்டும் சேர்ந்து போய்விடும்.

லிஃப்டர் என்பதும் டேப்பெட்தான். ரோலர் லிஃப்டரின் அடியில் ஊசி பேரிங்கில் உருளும் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. லோப் மேல் அது உரசுவதில்லை, உருள்கிறது. ஆனால் இந்த லிஃப்டர் தன் அச்சில் சுழலவே கூடாது. திரும்பிவிட்டால் சக்கரம் குறுக்கே நின்று லோபை அறுத்துவிடும். அதனால் அதைத் திரும்பவிடாமல் பிடிக்க ஏதாவது ஒன்று வேண்டும். ரோலருக்கு மாறுவதில் உள்ள பாதிச் செலவு இந்தப் பிடிமானத்துக்குத்தான்.

எதை வைத்து எடை போடுவது

குதிரைத்திறனைக் கடைசியில் பார்ப்போம். கார்ப்புரேட்டர் வைத்த சாதாரண 5.7 லிட்டர் படகு எஞ்சினுக்கு முழுத் த்ராட்டில் வரம்பே ஏறக்குறைய 4,400 முதல் 4,800 ஆர்.பி.எம். வரைதான். ரேஸ் காரில் ரோலர் கேம் காட்டும் வித்தையில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் நடக்கிறது. அதே ஆர்.பி.எம்.மில் ரோலர் கேம் வால்வை வேகமாகத் திறந்து மூடுவதால் இழுவை கொஞ்சம் கூடும், உராய்வு குறையும். நல்லதுதான், ஆனால் எஞ்சினை இறக்கும் அளவுக்கு அது ஒரு காரணமில்லை.

படகுக்காரர் யோசிக்க வேண்டியவை வேறு. முதலாவது, உங்கள் பிளாக் (எஞ்சினின் வார்ப்பு உடல்) எந்த வருடத்தது, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது. இரண்டாவது, புது கேமை முதன்முதலில் எங்கே ஓட விடப்போகிறீர்கள், வீட்டு வாசலில் ட்ரெய்லர் மீதா, தண்ணீரிலா. மூன்றாவது, வருடத்தில் எத்தனை மாதம் எஞ்சின் அசையாமல் கிடக்கும். நான்காவது, ஏதாவது கெட்டுப்போனால் எவ்வளவு கெடும்.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வேலைக்கென்றே சொன்னது போலிருக்கும். காரில் ரேடியேட்டரை எடுத்துவிட்டால் கேம் முன்பக்கமாக வந்துவிடும். படகில் எஞ்சினுக்கு முன்னால் இரண்டடி இடம் கிடைப்பது அபூர்வம், அங்கே பின்சீட்டோ தடுப்புப் பலகையோ நிற்கும். டைமிங் கவரைச் சரியாகக் கழற்றி மாட்ட ஆயில் பானைத் தளர்த்த வேண்டும், படகின் அடிவயிறான பில்ஜில் பான் இறங்க இடமிருக்காது. ஆக, டிரைவைக் கழற்றி, எஞ்சினைத் தூக்கி, வேலை முடித்து, திரும்ப இறக்கி, அலைன்மென்ட் கம்பியை உள்ளே விட்டு நேர் பார்க்க வேண்டும். எந்த கேமைப் போட்டாலும் இந்தக் கூலி ஒன்றுதான். பாகத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, இரண்டு வருடம் கழித்து இதையே மறுபடி செய்வதுதான் உண்மையான நஷ்டம்.

வழி 1: மறுபடியும் தட்டை டேப்பெட்

பாகத்தின் விலையில் இதை அடிக்க ஒன்றுமில்லை. கேம், 16 டேப்பெட், டைமிங் செயின், கேஸ்கெட் எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் ரோலர் மாற்று லிஃப்டர்கள் மட்டும் கேட்கும் விலைக்குள் முடிந்துவிடும். பழைய புஷ்ராட், ராக்கர், டிஸ்ட்ரிப்யூட்டர் பல்சக்கரம், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் எதையும் மாற்ற வேண்டியதில்லை. புது கேமில் பழைய டேப்பெட்டை மட்டும் போடக் கூடாது. தேய்ந்த ஜோடியைப் பிரித்துச் சேர்த்தால் இரண்டும் கெடும்.

இதன் மறைமுகச் செலவு ரன்னிங்-இன், அதாவது புது கேமைப் பழக்கும் முதல் ஓட்டம். எஞ்சின் பிடித்த நொடியிலிருந்து 20 முதல் 30 நிமிடம், 2,000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல், கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். ஐடிலுக்கு விடக் கூடாது. இந்த வகை கேமின் லோபுகளுக்கு கிராங்க் வாரியடிக்கும் ஆயில்தான் வந்து சேர வேண்டும். ஐடிலில் அது போதாது.

படகில் இது எங்கே சிக்கலாகிறது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் என் சொந்தப் படகுக்குத் தட்டை கேம்தான் போட்டேன். டிரைவில் தண்ணீர் உள்ளே போகும் துளைகள் மேல் காது பொத்துவது போல இரண்டு ரப்பர் கப்பை மாட்டி, தோட்டக் குழாயை இணைத்து, வாசலிலேயே ஸ்டார்ட் செய்தேன். 2,000 ஆர்.பி.எம். தாண்டியதும் பம்ப் இழுத்த இழுப்பில் பச்சைக் குழாய் உள்ளே சப்பிக்கொண்டு ரிப்பன் மாதிரி தட்டையாகிவிட்டது. நான்காவது நிமிடத்தில் வெப்பமுள் ஏறியது, அணைத்தேன். குழாயை மாற்றி மறுபடி ஸ்டார்ட், மறுபடி அதே கதை. ரப்பர் கப்பில் ஓட்டும்போது 1,500 ஆர்.பி.எம். தாண்டாதே, குழாய் நசுங்கும் என்று மேனுவலில் போட்டிருந்ததை அப்புறம்தான் படித்தேன். மூன்று வாரம் கழித்து ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்தபோது காகித மடிப்புகளில் வெள்ளி ஜிகினா. கழற்றிய டேப்பெட் ஒன்றின் அடிப்பக்கம் கரண்டிக் குழி போல இருந்தது, கட்டைவிரலை வைத்தால் உட்கார்ந்துகொள்ளும்.

தட்டை டேப்பெட் போடுவதென்றால் ரன்னிங்-இன்னைத் தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரிச் சரிவில் ட்ரெய்லரோடு பின்னுக்கு இறக்கி, படகைக் கட்டி, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு த்ராட்டிலை மட்டும் ஏற்ற வேண்டும். டிஸ்ட்ரிப்யூட்டர் துளை வழியே டிரில்லை விட்டு ஆயில் பம்பைச் சுற்றி, 16 ராக்கரிலும் ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே சாவியைத் தொடுங்கள். கார்ப்புரேட்டரில் முதலிலேயே பெட்ரோலை நிரப்பி வையுங்கள், டைமிங்கையும் கிட்டத்தட்ட சரியாக வைத்துவிடுங்கள். அரைமணி நேரம் ஸ்டார்ட்டரை உருட்டிக்கொண்டிருந்தால் கேமில் பூசிய பேஸ்ட் அத்தனையும் வழிந்து பானுக்குப் போய்விடும். பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் பில்ஜ் ப்ளோயரை நான்கு நிமிடம் ஓடவிட்ட பிறகு ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை அன்றைக்கு அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். புதிதாக இணைத்த பெட்ரோல் லைன் கசிவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

அடுத்தது ஆயில். லோபையும் டேப்பெட்டையும் காப்பது ஆயிலில் உள்ள துத்தநாக, பாஸ்பரஸ் கூட்டுப்பொருள். காரின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பாற்ற, 2004 இறுதியில் வந்த ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்.எம். ஆயில் தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற கார் ஆயில்களுக்கு பாஸ்பரஸின் உச்சவரம்பை 0.08 சதவீதமாக்கினார்கள். படகுக்கென்று வரும் 25டபிள்யூ-40 ஆயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விலை குறைவு என்று கார் ஆயிலை ஊற்றும் தட்டை டேப்பெட்காரர் மிச்சம் பிடிப்பது சில டாலர்தான்.

வழி 2: பழைய பிளாக்கில் ரோலர் மாற்றம்

1986 வரையிலான பிளாக்குகள் ரோலரை மனதில் வைத்து வார்க்கப்பட்டவை அல்ல. அதற்காகச் செய்யப்படும் மாற்று லிஃப்டர்கள் இரண்டிரண்டாக ஒரு இணைப்புப் பட்டையால் கட்டப்பட்டு வரும். ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் இரண்டும் திரும்பாது. அருமையான பாகம், அருமையான விலை.

செலவு அதோடு நிற்பதில்லை. தட்டை கேமில் லோபுகளின் சரிவே கேமைப் பின்பக்கம் தள்ளி வைத்திருக்கும். ரோலர் கேமில் சரிவு கிடையாது, கேம் முன்னுக்கு நடக்கப் பார்க்கும். அதை நிறுத்த முன்னால் ஒரு பட்டன் வேண்டும், அந்தப் பட்டன் அழுத்தும்போது வளையாத டைமிங் கவர் வேண்டும், இடைவெளியை அளந்து வைக்கப் பொறுமையும் வேண்டும். ரோலர் லிஃப்டர் உயரமானது, அதனால் பழைய 7.8 அங்குல புஷ்ராட் பொருந்தாது. குட்டையான புஷ்ராட்டை அளந்து வாங்க வேண்டும். எடை கூடிய லிஃப்டரைப் பிடிக்க வலுவான வால்வ் ஸ்ப்ரிங் வேண்டும். கேம் ஸ்டீலில் செய்யப்பட்டதென்றால் டிஸ்ட்ரிப்யூட்டரின் பழைய வார்ப்பிரும்புப் பல்சக்கரம் தாங்காது. கேம் செய்தவர் எந்தப் பல்சக்கரத்தைச் சொல்கிறாரோ அதைத்தான் போட வேண்டும். வெண்கலம் என்றால் அது தேயும் பொருள், அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்பைத் தள்ளும் தண்டுக்கும் இதே கணக்குதான்.

இந்த இடத்தில் சிலர், மெக்கானிக்கல் பம்ப் எதற்கு, கார் எலெக்ட்ரிக் பம்ப் ஒன்றை மாட்டிவிடலாம் என்பார்கள். வேண்டாம். எஞ்சின் ஓடும்போதும் ஸ்டார்ட் ஆகும்போதும் மட்டுமே எலெக்ட்ரிக் பம்ப் ஓட வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. மூடிய பில்ஜில் சேரும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

இத்தனைக்கும் கிடைப்பது என்ன? 20 நிமிட ரன்னிங்-இன் பயம் இல்லை. வழக்கம்போல ஸ்டார்ட் செய்து, கசிவு பார்த்து, டைமிங் வைத்துவிட்டு அணைக்கலாம். என்னைக் கேட்டால் படகுக்காரருக்கு ரோலரின் முதல் லாபமே இதுதான், குதிரைத்திறன் அப்புறம். ஆயில் விஷயத்திலும் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

நஷ்டப் பக்கமும் உண்டு. தட்டை டேப்பெட் போனால் தூள் தூளாகப் போகும். ரோலர் போனால் ஊசி பேரிங்கின் ஊசிகள் உதிர்ந்து எஞ்சினுக்குள் ஊர்வலம் போகும். படகில் அதற்கு முக்கியக் காரணம் ஈரம். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க, அப்படியே அக்டோபரில் பூட்டிவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் ஊசிகளில் துரு ஏறிவிடும். சீசன் முடிந்ததும் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் படகை மூட வேண்டும். வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர் ரோலரை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம்.

வழி 3: ரோலருக்கு இடம் விட்ட பிளாக்

பலருக்குத் தெரியாத வழி இது. ஜெனரல் மோட்டார்ஸ் 1987-இல் கார்களுக்கான ஸ்மால் பிளாக்கில் ஹைட்ராலிக் ரோலரைக் கொண்டுவந்தது. பிளாக் வார்ப்பும் அதற்கேற்ப மாறியது. ஆனால் படகுக்கும் லாரிக்கும் போன எஞ்சின்கள் பலவற்றில் அதற்குப் பிறகும் தட்டை கேமே தொடர்ந்தது. அதாவது, ரோலருக்கு இடமுள்ள பிளாக்கில் தட்டை டேப்பெட்.

மேனிஃபோல்டைக் கழற்றினால் இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் இடையிலுள்ள நடுப்பள்ளத்தில் வரிசையாக மூன்று திமில்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சிலந்தி என்று செல்லமாகச் சொல்லப்படும் தகட்டுப் பிடிப்பான் உட்கார வேண்டிய இடம் அது. லிஃப்டர் துளைகளின் விளிம்பும் பழைய பிளாக்கைவிட உயர்ந்திருக்கும். டைமிங் கவரைக் கழற்றிய பிறகு, கேம் துளையின் இரு பக்கமும் தடுப்புத் தகட்டுக்கான இரண்டு போல்ட் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லாம் இருந்தால் அதிர்ஷ்டம்தான். கம்பெனி வகை லிஃப்டர், சிலந்தி, நாயெலும்பு வடிவ வழிகாட்டிகள், தடுப்புத் தகடு, அதற்கேற்ற கேம், டைமிங் செட், 7.2 அங்குல புஷ்ராட். இணைப்புப் பட்டை லிஃப்டரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பட்டன் தேவையில்லை, கவர் வளையும் கவலை இல்லை.

திமில் இருக்கும், அதில் துளை போட்டிருக்காது என்ற அரைகுறை பிளாக்குகளும் உண்டு. எஞ்சின் வெளியே இருந்தால் மெஷின் ஷாப்பில் துளையிட்டு மரை போட்டுக்கொள்ளலாம். பில்ஜுக்குள் தொங்கிக்கொண்டு கை டிரில்லால் செய்கிற வேலை அல்ல.

வழி 4: ரோலரோடு வரும் முழு எஞ்சின்

பழைய எஞ்சினில் கம்ப்ரெஷனும் போய்விட்டது, ஆயில் பிரஷரும் இல்லை என்றால் கேமைப் பற்றிப் பேசுவதே வீண். ரோலர் கேமோடு வரும் படகு லாங் பிளாக்கை (ஹெட் வரை பூட்டி வரும் எஞ்சின்) வாங்கிப் போடுவதே மேல். இதில் மறைமுகச் செலவு ஒட்டுகளில் இருக்கிறது. 1986-இலிருந்து கிராங்கின் பின்பக்க சீல் ஒற்றைத் துண்டாக மாறியது. அதோடு ஃப்ளைவீல் போல்ட் வட்டம், பேலன்ஸ் முறை, ஆயில் பான் எல்லாமே மாறின. அதற்கு முந்தைய படகின் ஃப்ளைவீல் புது எஞ்சினில் உட்காராது. 1996-இல் வந்த வோர்டெக் வகை சிலிண்டர் ஹெட் என்றால் பழைய இன்டேக் மேனிஃபோல்டும் பொருந்தாது. பழைய கார் அல்லது வேனிலிருந்து எஞ்சினை எடுத்து அப்படியே போடுபவர்களும் உண்டு. பிளாக் பொருந்தும், ஆனால் காரின் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர் எதையும் படகுக்குள் கொண்டுவரக் கூடாது. பொறி வெளியே வராதபடி அடைக்கப்பட்ட படகுப் பாகங்களே வேண்டும்.

| | தட்டை டேப்பெட் | பழைய பிளாக்கில் ரோலர் | இடம் விட்ட பிளாக்கில் ரோலர் | முழு ரோலர் எஞ்சின் |
|---|---|---|---|---|
| பாகச் செலவு | மிகக் குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | எல்லாவற்றையும்விட அதிகம் |
| எஞ்சினை இறக்கும் கூலி | உண்டு | உண்டு | உண்டு | உண்டு |
| முதல் 20 நிமிடம் | கண்டம் | கவலையில்லை | கவலையில்லை | கவலையில்லை |
| ஆயில் | துத்தநாகம் கட்டாயம் | படகு ஆயில் போதும் | படகு ஆயில் போதும் | படகு ஆயில் போதும் |
| கூடவே மாறுபவை | டைமிங் செயின் | புஷ்ராட், ஸ்ப்ரிங், பட்டன், கவர், பல்சக்கரம் | புஷ்ராட், ஸ்ப்ரிங், டைமிங் செட், பல்சக்கரம் | ஃப்ளைவீல், பான், மேனிஃபோல்ட் |
| நீண்ட உறக்கம் | லோபில் துரு | ஊசி பேரிங்கில் துரு | ஊசி பேரிங்கில் துரு | ஊசி பேரிங்கில் துரு |

எந்த வழியானாலும் தாண்டக் கூடாத கோடு

கேட்டலாக்கைத் திறந்ததும் கை தானாகப் பெரிய கேம் பக்கம் போகும். காரில் பெரிய கேம் போட்டால் ஐடில் கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். படகில் அப்படியில்லை. படகின் எக்ஸாஸ்டைக் குளிர்விக்க, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே நிற்கும் வளைகுழாயான ரைசரைத் தாண்டியதும் தண்ணீரைக் கலக்கிறார்கள். கேமில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீண்டால், ஐடிலில் சிலிண்டர் எக்ஸாஸ்டிலிருந்தே பின்னோக்கி மூச்சிழுக்கும். அந்த மூச்சில் ஈரமும் வரும். முதலில் எக்ஸாஸ்ட் வால்வில் துரு, பிறகு சிலிண்டரில் துளித் துளியாகத் தண்ணீர். ஒருநாள் பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளையும்.

சாதாரண படகு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வைத்திருப்பவர்களுக்குப் பட்டறைகளில் வாய்ப்பாடு போலச் சொல்வார்கள்: டேப்பெட் 0.050 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருக்கும் நேரம் கிராங்க் சுழற்சியில் 220 டிகிரியைத் தாண்டாதே, இன்டேக், எக்ஸாஸ்ட் லோபுகளின் இடைக்கோணம் 112 டிகிரிக்குக் கீழே இறங்காதே. ரோலர் கேம் அதே டிகிரிக்குள் வால்வைக் கூடுதல் நேரம் உயரத்தில் வைத்திருக்கும் என்பதால், இந்தக் கோட்டுக்குள் நின்றாலே கொஞ்சம் லாபம் கிடைத்துவிடும். லிஃப்டைக் கூட்டும்போது ஹெட்டையும் பாருங்கள். வோர்டெக் ஹெட்டில் சுமார் 0.47 அங்குலத்தைத் தாண்டினால் வால்வ் ஸ்ப்ரிங்கைப் பிடிக்கும் ரிடெய்னர் வால்வ் கைடில் இடிக்க ஆரம்பிக்கும்.

இழுவை கூடினால் ப்ராப்பெல்லரும் செலவு வைக்கும். முழுத் த்ராட்டிலில் எஞ்சின் கம்பெனி சொன்ன ஆர்.பி.எம். வரம்பைத் தாண்டினால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கூடிய ப்ராப் வேண்டும். ஒரு அங்குல பிட்சுக்கு 150 முதல் 200 ஆர்.பி.எம். இறங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரட்டை எஞ்சின் இன்போர்டு (எஞ்சின் உள்ளே, ப்ராப் தண்டு மட்டும் அடியில் வெளியே) படகுக்காரர்கள் எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய ஜோடிகளில் ஒரு எஞ்சின் எதிர்த்திசையில் சுழலும். அதில் கேமைச் சுழற்றுவது செயின் என்றால் கேமும் எதிர்த்திசைக்கானதாக இருக்க வேண்டும். இரண்டு பல்சக்கரம் என்றால் வழக்கமான திசை கேமே சரி. டைமிங் கவரைக் கழற்றிப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

அந்த இருவரும் என்ன செய்தார்கள்

1984 படகுக்காரரின் நடுப்பள்ளம் வழுவழுவென்று இருந்தது, திமில் எதுவும் இல்லை. கம்ப்ரெஷன் எட்டு சிலிண்டரிலும் நன்றாக இருந்தது. வருடத்துக்கு முப்பது மணி நேரம் ஓட்டுகிறவர், வீட்டிலிருந்து செயின்ட் க்ளேர் ஏரிச் சரிவு பத்து நிமிடம். தட்டை டேப்பெட்டே போடுங்கள், ரன்னிங்-இன்னைத் தண்ணீரில் செய்யுங்கள் என்றேன். ரோலர் மாற்றத்துக்கு ஆகும் காசில் பழைய ரைசர்களை மாற்றிவிடச் சொன்னேன், அவை உப்பிப்போய் இருந்தன.

1991 படகுக்காரர் போன சனிக்கிழமை இரவு படம் அனுப்பினார். பள்ளத்தில் மூன்று திமில், மூன்றிலும் மரை போட்ட துளை, முப்பது வருட ஆயில் கறைக்கு அடியில். முன்பக்கத் தகட்டுத் துளைகளைப் பார்க்க டைமிங் கவரைக் கழற்ற வேண்டும், அதற்கு எஞ்சினைத் தூக்க வேண்டும். தூக்கும் சங்கிலி என்னிடம்தான் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை எடுத்துக்கொண்டு போகிறேன்.